பத்தாவது நிமிடத்து வெளிச்சம்

டார்ச் வாங்கப் போகிற யாரும் முதலில் கேட்பது "எத்தனை லூமென்?" என்றுதான், அதாவது மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பதும் அதைத்தான். எனக்கு அந்த எண்ணின் மேல் அக்கறை போய் வெகுகாலமாகிறது. சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகு, மே மாதத்துச் சென்னை இரவில், வெறுங்கையில் பிடித்திருக்கும் டார்ச்சிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது, அந்த வெளிச்சத்தில் எதிரே இருப்பது அதன் நிறத்தோடு தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி. உள்ளே இருக்கும் எல்இடி எமிட்டர்களை ஒப்பிடுவது என்றால் அந்தப் பத்தாவது நிமிடத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முதல் நொடியில் வைத்துப் பார்த்தால் எப்போதும் பெரியதே ஜெயிக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒப்பீடே தேவையில்லை.

எமிட்டர் என்றால் டார்ச்சின் தலைக்குள், ரிஃப்ளெக்டரின் அடியில், மஞ்சளாகத் தெரிகிறதே அந்தச் சின்னச் சதுரம். வெள்ளை எல்இடி என்று சொன்னாலும் அதற்குள் வெள்ளையாக எரிவது எதுவும் கிடையாது. அடியில் இருப்பது நீல ஒளி தரும் இண்டியம் காலியம் நைட்ரைடு சில்லு. அதன் மேல் பூசியிருக்கும் பாஸ்பர் அந்த நீலத்தில் பெரும்பங்கை உறிஞ்சி, பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றி வெளியே விடுகிறது. மிச்ச நீலத்தோடு அது கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா 1993ல் பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். 1996ல் அதே நிறுவனம் அதன் மேல் பாஸ்பர் பூசி வெள்ளை எல்இடி விற்றது. நீல எல்இடியை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று கையில் பிடிக்கும் டார்ச்சில் நாம் பேசுகிற சண்டை முழுவதும் அந்த நீலச் சில்லின் பரப்பு, அதன் மேல் பூசிய பாஸ்பரின் சேர்க்கை, அதில் பிறக்கும் சூடு ஆகிய மூன்றைச் சுற்றித்தான்.

சூட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சென்னையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

எமிட்டரை உச்சத்தில் ஓட்டும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. எல்இடியின் வெளிச்சத்தில் சூடு மிகக் குறைவு, அந்த வெப்பம் முன்பக்கமாகப் போகாது. பின்னால் செப்புத் தகடு வழியாக அலுமினிய உடம்புக்கு வந்து, அங்கிருந்து காற்றுக்கும் நம் கைக்கும் போக வேண்டும். நல்ல டார்ச்சுகள் உடம்பு 50, 55 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். 55 என்றே வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி இருக்கும் ஊரில் டார்ச்சுக்கும் காற்றுக்கும் 50 டிகிரி வித்தியாசம். நம் ஊரில் மே மாத ராத்திரி 9 மணிக்கு 33 டிகிரி இருக்கும். வித்தியாசம் 22தான். காற்றுக்குப் போகும் வெப்பம் ஏறக்குறைய இந்த வித்தியாசத்தின் அளவுக்குத்தான் இருக்கும். ஆக, அதே டார்ச், அதே எமிட்டர், அங்கே தாங்குகிற வாட்டில் பாதியைக்கூட இங்கே தாங்காது. மத்தியான வெயிலில் 40 டிகிரியில் சம்ப்புக்குள் குனிந்து பார்க்க நேர்ந்தால் வித்தியாசம் 15 ஆகிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் அருமையான ஒப்பீடுகள் பலவும் குளிர்ந்த ஊர்களில் இருந்து வருகின்றன. உழைத்து அளக்கிறார்கள், அவர்கள் வரைபடங்களை மதிக்கிறேன். ஆனால் அங்கே பத்து நிமிடம் 1000 லூமென் நின்றது என்றால், மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் அது நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மாடியில்தான் சில வருடங்களாக ஒரே மாதிரி உடம்பு கொண்ட டார்ச்சுகளில் வேறு வேறு எமிட்டர் போட்டுப் பார்த்து வருகிறேன். எதிரே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் ஒரு தென்னை, இன்னும் வெகுதூரத்தில் ஒரு செல்போன் கோபுரம். கிட்டே, நடுவே, தூரே என்று மூன்றும் வரிசையாக அமைந்துவிட்டன.

அங்கே திரும்பத் திரும்பக் கண்டது இது. 21700 செல் (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீள லித்தியம் செல்) ஒன்று போடுகிற உடம்பில், உச்சத்தில் 4000 லூமென் தரும் எமிட்டரும் 1500 தரும் எமிட்டரும் பத்து நிமிடம் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. எமிட்டர் மாறினாலும் வெப்பத்தை வெளியே தள்ளும் அலுமினியம் மாறவில்லையே. முதல் நிமிடத்தில் இருந்த பெரிய வித்தியாசம் கரைந்து போய், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்கிற சின்ன வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது.

அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய்யா? நல்ல கம்பெனி என்றால் பொய் இல்லை. டார்ச்சுகளுக்கான அமெரிக்காவின் எஃப்எல்1 தரப்படி லூமெனைச் சுவிட்ச் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளந்துவிடலாம். ஓடும் நேரத்தையோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணலாம். 4000 லூமெனில் தொடங்கி, மூன்றாவது நிமிடத்தில் 600க்கு இறங்கி, பேட்டரி தீரும் வரை அங்கேயே கிடந்தால், பெட்டியில் "4000 லூமென், 2 மணி நேரம்" என்று தரத்தை மீறாமலே போடலாம். படிக்கிறவர் 2 மணி நேரமும் 4000 வரும் என்று நினைத்துக்கொள்வார். இதனால்தான் லூமெனுக்கும் நேரத்துக்கும் இடையிலான வரைபடத்தைக் காட்டாத டார்ச் எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

இனி எமிட்டர்களுக்கு வருகிறேன்.

கைடார்ச்சின் சரித்திரத்தில் பெரிய திருப்பம் 2010 கடைசியில் அமெரிக்காவின் க்ரீ அறிவித்த எக்ஸ்எம்-எல். ஒற்றை எல்இடி, 3 ஆம்பியரில் 1000 லூமென் அளவுக்குத் தந்தது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் இன்றும் "டி6 டார்ச்" என்று கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்கள். எக்ஸ்எம்-எல்லை வெளிச்சம் வாரியாகத் தரம் பிரித்தபோது ஒரு தரத்துக்கு வைத்த குறியீடுதான் டி6. அந்தக் குறியீடு பெட்டியில் தங்கிவிட்டது, உள்ளே இருப்பது எக்ஸ்எம்-எல்தானா என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. க்ரீ 2021ல் தன் எல்இடி பிரிவையே விற்றுவிட்டு வுல்ஃப்ஸ்பீட் என்று பெயரை மாற்றிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. எல்இடி மட்டும் க்ரீ என்கிற பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது.

எக்ஸ்எம்-எல்லுக்குப் பிறகு வந்த பெரியண்ணன் எக்ஸ்எச்பி70, அதற்கடுத்து எக்ஸ்எச்பி70.2. 7 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் நான்கு சில்லுகள், 4000 லூமெனுக்கு மேல். இடத்தை நிரப்பும் வெளிச்சம் என்றால் இதுதான். தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, காம்பவுண்டு சுவர் எங்கே முடிகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். இமாலண்ட் எம்எஸ்18 என்கிற டார்ச் இதில் 18 எமிட்டரை அடுக்கி 100000 லூமென் என்று அறிவித்தது. அதற்குள் விசிறி வைக்க வேண்டி வந்தது என்பதிலிருந்தே சூட்டின் கதை புரியும். 70.2ல் எனக்குப் பிடிக்காதது அதன் நிறம். நடுவில் மஞ்சள் கலந்த பச்சை, ஓரத்தில் நீலம். பாஸ்பர் பூச்சின் பக்கவாட்டிலிருந்தும் ஒளி கசிவதால், எந்தக் கோணத்தில் புறப்பட்டதோ அதற்கேற்ப நிறம் மாறுகிறது. வெள்ளைச் சுவரில் அடித்தால் அந்த வளையம் கண்ணை உறுத்தும். தெருவில் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிகிறது.

தூரத்துக்குப் போக வேண்டும் என்றால் கணக்கே வேறு. நிறைய பேர் குழம்புகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒளிக்கற்றை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை லூமென் தீர்மானிப்பதில்லை, ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவான கேண்டெலா தீர்மானிக்கிறது. எஃப்எல்1 தரத்தில் எட்டும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகும் இடம், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவொளி அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்கினால் மீட்டரில் அந்தத் தூரம் வந்துவிடும். 10000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 40000 என்றால் 400 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும்.

அந்தக் கேண்டெலா எங்கிருந்து வருகிறது? ரிஃப்ளெக்டர் எமிட்டரின் உருவத்தைத்தான் பெரிதாக்கித் தூரத்தில் விழச் செய்கிறது. எமிட்டரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலிருந்தும் எவ்வளவு அடர்த்தியாக ஒளி வருகிறது என்பதையும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் ரிஃப்ளெக்டரின் பரப்பையும் பெருக்கினால் ஏறத்தாழக் கேண்டெலா கிடைத்துவிடும். எமிட்டரின் மொத்த லூமென் இந்தப் பெருக்கலில் வரவே இல்லை. அதனால்தான் ஆஸ்ராம் நிறுவனத்தின் டபிள்யூ1 என்று நாங்கள் கூப்பிடும் 1 சதுர மில்லிமீட்டர் எமிட்டர், 1000 லூமெனை எட்டுவதே அரிது என்றாலும், அதே ரிஃப்ளெக்டரில் 4000 லூமென் எக்ஸ்எச்பி70.2வைத் தூரத்தில் எளிதாகத் தோற்கடிக்கிறது. எங்கள் மாடியிலிருந்து அந்தச் செல்போன் கோபுரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் காட்டியது டபிள்யூ1தான். 70.2வில் கோபுரம் இருப்பதே மங்கலாகத் தெரிந்தது, ஆனால் நடுவில் இருந்த நாலு வீடுகளும் பகலாகிவிட்டன.

எமிட்டரின் மேல் இருக்கும் சிலிக்கோன் குமிழுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. குமிழ் இருந்தால் சில்லிலிருந்து அதிக ஒளி வெளியே தப்பும், லூமென் கூடும். ஆனால் அது பூதக்கண்ணாடி மாதிரி சில்லைப் பெரிதாகவும் காட்டும், அடர்த்தி குறையும். லுமினஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்டி-40க்குக் குமிழ் உண்டு, எஸ்எஃப்டி-40க்குக் கிடையாது. இரண்டும் 5 மில்லிமீட்டர் சதுரத் தடத்தில் (தகட்டில் எமிட்டர் ஒட்டும் இடம்) உட்காரும், இரண்டும் 2000 லூமென் பக்கம் வரும். தூரத்தில் எஸ்எஃப்டி-40 தெளிவாக முந்தும். ஒரே செல் போட்டுத் தூரமும் வேண்டும், ஓரளவு அகலமும் வேண்டும் என்பவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது எஸ்எஃப்டி-40. அதே நிறுவனத்தின் எஸ்பிடி-90.2 இரண்டையும் ஒன்றாகத் தரும். 9 சதுர மில்லிமீட்டர், 5000 லூமெனுக்கு மேல், தூரமும் போகும். ஆனால் 20 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். சென்னையில் அது உச்சத்தில் நிற்கிற நேரத்தை நிமிடத்தில் சொல்ல முடியாது, நொடியில்தான் சொல்ல வேண்டும். அழகான எமிட்டர். இந்த ஊரில் அதற்குக் கொடுக்கிற காசு வீண் என்பது என் முடிவு.

தூரத்து ஒளிக்கு இந்த ஊரில் இன்னொரு தடை காற்று. கடலோரத்தில் உப்பு ஈரம், மற்ற இடத்தில் தூசி, போகி விடியற்காலையில் புகை. நுண்ணிய புகைத் துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலத்தின் பக்கம் போகும்; 6500 கெல்வின் குளிர்வெள்ளை டார்ச்சை அந்தக் காற்றில் அடித்தால் கண் முன்னால் ஒரு வெள்ளைக் கம்பம் எழும்பி நிற்கும், அதற்கு அப்பால் இருக்கும் பொருள் மறைந்துவிடும். காணொளிக்கு அது நன்றாக இருக்கும், கண்ணுக்கு உதவாது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நிறம்தான். சென்னையில் 95 சதவீத வேலைக்கு 20 மீட்டர் தாண்டி வெளிச்சம் தேவைப்படுவதில்லை என்று நினைக்கிறேன். மீட்டர் பெட்டி, மோட்டார் ரூம், சம்ப்பு, மாடிப்படி, மழைக்குப் பிறகு தெரு. இங்கெல்லாம் எதிரே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு நிறம் வேண்டும்.

நிறத்தை அளக்கும் எண் சிஆர்ஐ. 100 என்பது சூரிய ஒளிக்கோ இழை பல்புக்கோ சமம். சாதாரணக் குளிர்வெள்ளை எமிட்டருக்கு 70 பக்கம் வரும். இதில் ஒரு ஓட்டை உண்டு. சிஆர்ஐ என்பது எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்புக்கான ஆர்9 அந்தச் சராசரியில் கிடையாது. 80 சிஆர்ஐ என்று எழுதிய எமிட்டரில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். நிச்சியாவின் 519ஏ எமிட்டரில் ஆர்9080 என்று ஒரு வகை உண்டு: சிஆர்ஐ குறைந்தது 90, ஆர்9 குறைந்தது 80. லுமினஸின் எஸ்எஸ்டி-20யிலும் 4000 கெல்வினில் 95 சிஆர்ஐ வகை கிடைக்கிறது. சாம்சங்கின் எல்எச்351டி 90ஐத் தொடும், விலை குறைவு, வெளிச்சமும் அதிகம், ஆனால் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும்.

நிறம் நன்றாக இருந்தால் லூமென் ஏன் குறைகிறது என்று கேட்பார்கள். லூமென் என்பது கண்ணின் உணர்திறனைக் கொண்டு எடைபோட்ட அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் அதிகம் உணரும். 650 நானோமீட்டர் சிவப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உணரும். பாஸ்பரில் சிவப்பைக் கூட்டினால், அதே மின்சாரத்தில் ஒரு பகுதி, லூமென் கணக்கில் ஏறாத ஒளியாக மாறுகிறது. அட்டவணையில் அது நஷ்டமாகத் தெரியும். கண்ணுக்கு அந்தச் சிவப்புதான் செம்மண்ணையும் சருகையும் ரத்தத்தையும் துருவையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் வரும் நம் ஊர் ஃபியூஸ் பெட்டியில், பழுப்பேறிய பழைய சிவப்பு ஒயரை 6500 கெல்வின் வெளிச்சத்தில் அடையாளம் காண்பது ஆபத்தான வேலை.

எங்கள் தெருமுனை அடுக்ககத்தில் வாட்ச்மேனாக இருக்கும் அண்ணனிடம் இரண்டு டார்ச் கொடுத்து வைத்திருந்தேன். ஒரே உடம்பு, ஒன்றில் க்ரீயின் குளிர்வெள்ளை எக்ஸ்பி-எல் எமிட்டர், மற்றதில் 4500 கெல்வின் 519ஏ. குளிர்வெள்ளையில் லூமென் அதிகம். பின்பக்கம் மழைநீர்க் கால்வாய் ஓரமாகப் புதர், அங்கே பாம்பு வரும். கொஞ்ச நாள் கழித்து எது வேண்டும் என்று கேட்டபோது யோசிக்காமல் 519ஏவை எடுத்துக்கொண்டார்.

"ஏண்ணே, அதுதானே இன்னும் வெளிச்சமா இருக்கு?"

"வெளிச்சமாத்தான் இருக்கு தம்பி. ஆனா அதுல எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியுது. இதுல சருகு சருகாத் தெரியுது, கயிறு கயிறாத் தெரியுது. எனக்கு அது போதும்."

பழுப்பு உடம்பில் கரும்பழுப்புச் சங்கிலி போட்ட கண்ணாடி விரியன் காய்ந்த இலைக்குள் கிடக்கும்போது, பிரித்தறிய உதவுவது பழுப்புக்கும் பழுப்புக்கும் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான். லூமெனைக் கூட்டுவதால் அந்த இடைவெளி கூடாது. அவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

கண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. 1000 லூமெனுக்கும் 1300 லூமெனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நமக்குத் தெரியும், தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு மடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமானால் லூமென் நான்கு மடங்கு போலக் கூட வேண்டும். 519ஏவை எடுப்பதால் இழக்கும் கால்பங்கு லூமெனைக் கண் கவனிப்பதே இல்லை, கிடைக்கும் நிறத்தை முதல் பார்வையிலேயே கவனிக்கிறது. இதைவிட நல்ல பேரம் டார்ச்சில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ரிச்சி தெருவில் 519ஏ கேட்டால் கிடைக்காது. அங்கேயும் வலைக் கடைகளிலும் குவிந்து கிடப்பது எக்ஸ்எச்பி160, எக்ஸ்எச்பி360 என்று பெயர் போட்டவை. க்ரீயின் பட்டியலில் அப்படி எமிட்டரே கிடையாது. 21700ஐவிடச் சற்றுச் சிறிய ஒற்றை 18650 செல்லில் 10000 லூமென் என்று எழுதியிருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்தாலும் 100 வாட் வேண்டும். 3.6 வோல்ட் செல்லில் அது 28 ஆம்பியர். 3000 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் இருப்பது 11 வாட்-மணிக்கும் கீழே, 7 நிமிடம்கூட ஓடாது. அதற்குள் உடம்பைக் கையால் தொட முடியாது. செல்லின் மேல் 9900 என்று எழுதியிருந்தால் அதையும் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். 18650 அளவில் நல்ல கம்பெனியின் செல் 3500 பக்கம்தான் வரும்.

ஆனால் அதே ரிச்சி தெருவில்தான் எனக்கு வேண்டிய உதவியும் கிடைக்கிறது. 2020 நவம்பரில் சீன வலைக் கடையான அலிஎக்ஸ்பிரஸ் இங்கே தடை செய்யப்பட்ட பிறகு கான்வாய் மாதிரியான சீன நிறுவனங்களின் டார்ச்சுகளை வாங்குவது சிரமமாகிவிட்டது. கையில் இருக்கும் உடம்பிலேயே எமிட்டரை மாற்றிக்கொள்வது நல்ல வழி. எமிட்டர் உட்காரும் செப்புத் தகட்டைச் சூடாக்கி, ஈயம் உருகியதும் பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும், ஈயம் இல்லாதது 217க்குப் போக வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைகளில் இதற்கான ஹாட் பிளேட் இருக்கிறது.

நான் போகும் கடையில் முதல் தடவை, "அண்ணா, அந்தக் குமிழை மட்டும் ட்வீசரால அழுத்திடாதீங்க" என்றேன்.

"ஐசி வைக்கிற கைக்கு இது தெரியாதா தம்பி? பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம், அதை மட்டும் சொல்லு."

வைத்ததும் எமிட்டரை ஒரு மூலையில் லேசாகத் தட்டினார். நகர்ந்து தானாகவே மையத்துக்குத் திரும்பி உட்கார்ந்தது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை அப்படி இழுத்து நிறுத்தும். திரும்பவில்லை என்றால் அடியில் வெப்பத் தடம் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். நம் ஊர்ச் சூட்டில் அந்த ஒட்டு அரைகுறையாக இருந்தால் எமிட்டர் நீலமாகி இறந்துபோகும். செப்புத் தகட்டில் நடுத்தடம் நேராகச் செம்பில் படும் வகையை வாங்குங்கள், இடையில் காப்புப் படலம் உள்ள அலுமினியத் தகடு வேண்டாம். தடத்தின் அளவும் பொருந்த வேண்டும். 519ஏ, எஸ்எஸ்டி-20, எல்எச்351டி எல்லாம் 3.5 மில்லிமீட்டர் தடம். எக்ஸ்எம்-எல் இருந்த இடத்தில் அவை உட்காராது, அங்கே எஸ்எஸ்டி-40யோ எஸ்எஃப்டி-40யோதான்.

எமிட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட்டைப் பற்றிச் சுருக்கமாக. 4.2 வோல்ட் செல்லிலிருந்து 3 வோல்ட் எமிட்டருக்குப் போகும் வழியில், லீனியர் டிரைவர் மிச்ச வோல்ட்டை அப்படியே சூடாக்கும். வோல்ட்டைக் குறைக்கும் பக், கூட்டும் பூஸ்ட் வகைகள் வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும், நஷ்டம் குறைவு. சூடான ஊரில் அந்த வித்தியாசம் நேராகப் பத்தாவது நிமிட லூமெனில் தெரியும். வெளிச்சம் துடிக்கிறதா என்று பார்க்க, டார்ச்சைக் குறைத்து வைத்து ஓடும் ஃபேன் இறக்கையில் அடியுங்கள். இறக்கைகள் துண்டு துண்டாக நின்று தெரிந்தால் டிரைவர் மட்டம்.

பெரிய எமிட்டருக்கு நான் எதிரி மாதிரி தோன்றலாம். அப்படி இல்லை. அதன் பலம் உச்சத்தில் இருக்கிறது என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். எல்இடியின் இயல்பு, குறைந்த மின்னோட்டத்தில் திறமையாக இருக்கும், மின்னோட்டம் ஏற ஏறத் திறமை சரியும். ஒரே 1 ஆம்பியர் 1 சதுர மில்லிமீட்டரில் போனால் நெரிசல், 9 சதுர மில்லிமீட்டரில் பரவினால் அதே மின்சாரத்துக்கு அதிக ஒளி, குறைந்த சூடு. ஆகவே பெரிய எமிட்டரை, அல்லது நான்கு சின்ன எமிட்டர்களை, மெதுவாக ஓட்டுவதுதான் லாபம்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறி மின்சாரம் போனபோது இதைத்தான் நம்பி இருந்தோம். நான்கு 519ஏ கொண்ட டார்ச்சைக் கூடத்தில் நிமிர்த்தி வைத்து, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் சமையலும் சாப்பாடும் நடந்தன. 50 லூமென் போதும். வாட்டுக்கு 120 லூமென் என்றால் அரை வாட்கூடச் செலவாகாது. 5000 மில்லி ஆம்பியர்-மணி 21700 செல்லில் 18 வாட்-மணி இருக்கிறது. டிரைவர் தின்பது போக 30 மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். கீழ்வீட்டுப் பாட்டி, "பழைய குண்டு பல்பு மாதிரி இருக்குப்பா, கண்ணு கூசலை" என்றார். குளிர்வெள்ளை டார்ச் அவர்கள் வீட்டிலும் இருந்தது. யாருக்கும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

எந்த நல்ல எமிட்டரும் வேண்டாத ஓர் இடமும் இந்த ஊரில் உண்டு. ஜனவரி முதல் கோடை தொடங்கும் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மணல். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் ஊர்ந்து போகும், கரையில் வெள்ளை ஒளி இருந்தால் கடலை விட்டுவிட்டு அதை நோக்கி வந்துவிடும். அவசியம் என்றால் நீள அலைநீளச் சிவப்பு எல்இடி, அதுவும் மிகக் குறைவாக, தரையைப் பார்த்து. தூரம் எட்டும் டார்ச் வாங்கியவுடன் அதைக் கடலை நோக்கி அடித்துப் பார்க்க ஆசை வரும். அந்த மாதங்களில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எது வாங்குவது? வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 21700 செல், பக் அல்லது பூஸ்ட் டிரைவர், மூன்று அல்லது நான்கு 519ஏ, 4000 முதல் 4500 கெல்வின். தோப்பு, குடோன், நீண்ட காம்பவுண்டு என்று தூரம் பார்க்க வேண்டியவர்களுக்கு எஸ்எஃப்டி-40, கொஞ்சம் பெரிய ரிஃப்ளெக்டரோடு. கோபுரம் வரை எட்ட வேண்டும் என்ற ஆசைக்கு டபிள்யூ1 அல்லது அதன் 2 சதுர மில்லிமீட்டர் அண்ணன் டபிள்யூ2. காரில் வைத்துக்கொள்ள எதையும் சொல்ல மாட்டேன், வெயிலில் நிறுத்திய காருக்குள் லித்தியம் செல்லை விட்டுவைப்பது தவறு. செல்லைத் தனியாக, பெயர் தெரிந்த கம்பெனியிலிருந்து வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மரையையும் ரப்பர் வளையத்தையும் அவ்வப்போது துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் தடவிக்கொள்ள வேண்டும், உப்பு முதலில் தின்பது ஸ்பிரிங்கைத்தான்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எமிட்டரின் முழுப் பெயர், எத்தனை கெல்வின், எந்த சிஆர்ஐ. "ஒரிஜினல் க்ரீ சார், நல்லா அடிக்கும்" என்பது இந்த மூன்றில் எதற்கும் பதில் இல்லை.